யாழ்ப்பாணம் போய்வருதல்

யாழ்ப்பாணத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் சந்தோஷமாக எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. கவிதை எழுதியிருக்கிறோம், கண்டனத் தீர்மானம் போட்டிருக்கிறோம், மேடையில் குரல் உடைந்து பேசியிருக்கிறோம். ஆனால் அந்த ஊரின் ஒரு தெருவைப் பற்றியோ, அங்கே கிடைக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றியோ நம்மிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் தேதிகள்தாம். அவையும் அழிவின் தேதிகள். ஒரு மனிதனை அவன் வாங்கிய அடிகளின் பட்டியலாக மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு அவனை நேசிப்பதாகச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? இந்தக் கேள்வி என்னிடம் முதலிலிருந்தே இருந்ததல்ல. இரண்டு தடவை போய் வந்த பிறகு வந்தது.

எங்கள் ஊர் சிவகிரி. மேற்கே பார்த்தால் மலை, மற்ற மூன்று பக்கமும் வயலும் தோட்டமும். கடல் என்பது எங்களுக்குத் திருச்செந்தூருக்குப் போகும்போது பார்ப்பது. இருந்தும் எங்கள் வீட்டில் இலங்கை ஒரு தூர தேசமாக இருந்ததில்லை. என் தந்தையாரின் தலைமுறைக்கு இலங்கை வானொலிதான் வானொலி. பி. எச். அப்துல் ஹமீதும் கே. எஸ். ராஜாவும் அவர் வாயில் சொந்தக்காரர்களைப் போலப் புழங்கினார்கள். அந்தக் குரல்கள் எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாகவே அவர் வெகுநாள் நம்பியிருந்தார். வந்தது கொழும்பிலிருந்து. தமிழ் இவ்வளவு சுத்தமாகப் பேசப்பட்டால் அது யாழ்ப்பாணமாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய தர்க்கம். நம்முடைய யாழ்ப்பாணப் பிரேமையின் ஆரம்பமே இப்படி ஒரு தவறான முகவரியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

நான் முதலில் போனது 2023-ல். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். சிவகிரியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வடக்கே போய், அங்கிருந்து மறுபடி தெற்கே பறந்து வருவதில் ஒரு அபத்தம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு நாகப்பட்டினம் 110 கிலோமீட்டர், கொழும்பு 400. வங்கியில் எங்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு. அது காஷ்மீருக்குச் செல்லும், யாழ்ப்பாணத்துக்குச் செல்லாது. இதைக் கேட்ட சக குமாஸ்தா ஒருவர், "அங்க என்னத்தப் பாக்கப் போறீரு? எல்லாந்தான் போச்சே" என்றார். அனுதாபத்தோடு சொன்னார். எல்லாம் போயிற்று என்பதில் நமக்கு ஒரு திருப்தி இருக்கிறது. போனதைப் பற்றி நாம் மேற்கொண்டு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

போகாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தோன்றியபோது அதன் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்தார்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்தார். பகலில் வரவு செலவு, இரவில் ஏட்டுச்சுவடி. 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை என்று அவர் அச்சேற்றிய பிறகுதான் இவையெல்லாம் நம் கைக்கு வந்தன. பேரேட்டுக்கும் கவிதைக்கும் நடுவில் அல்லாடுகிற எனக்கு அவர்மேல் தனியான ஒரு பிரியம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு முன்பே ஆறுமுக நாவலர் 1849-ல் சென்னை வந்து அச்சு இயந்திரம் வாங்கிப்போய் வண்ணார்பண்ணையில் நிறுத்தினார். நாவலர் பதிப்பு என்றால் பிழை கிடையாது என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அவர் சாதி ஆசாரத்தை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்பதும் நிற்கிறது. 1841-லேயே உதயதாரகை என்று ஒரு பத்திரிகை நடத்திய ஊர் அது. தமிழ் நவீனத்துவத்தின் சரித்திரத்தை மணிக்கொடியிலிருந்து தொடங்குகிற நமக்கு இதெல்லாம் முன்னுரையில்கூட வருவதில்லை. நாம் யாழ்ப்பாணத்துக்காக அழுகிறோம். அதனிடம் பட்ட கடனைக் கணக்கில் எழுதுவதில்லை.

மலையடிவாரத்துக்காரனுக்கு யாழ்ப்பாணத்தில் முதலில் அதிர்ச்சி தருவது வானம். தீபகற்பம் முழுவதும் உள்ளங்கை போலத் தட்டை. மலை இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான ஆறும் இல்லை. அடியில் சுண்ணாம்புக்கல், மழைநீர் அதற்குள் இறங்கித் தங்குகிறது, வீட்டுக்கு வீடு கிணறு. சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அந்தக் கிணற்றுத் தண்ணீரால்தான். ஆறில்லாத ஊரில் இப்படி ஒரு விவசாயத்தை உண்டாக்கியவர்கள் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தாரின் கெட்டித்தனத்தைப் பற்றிக் கொழும்பில் சொல்கிற கேலிகளுக்கெல்லாம் பூமிசாஸ்திரத்தில் பதில் இருக்கிறது.

கோட்டையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658-ல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கியது, 1795-ல் சண்டை ஏதும் இல்லாமல் ஆங்கிலேயரிடம் போனது. மாலை வேளையில் அதன் மதில்மேல் நின்றால் கடற்காற்று நன்றாக இருக்கிறது. உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் 1990 சண்டையில் கற்குவியலானது.

கொக்குவிலில் நான் தங்கிய வீட்டு நண்பர் பள்ளி ஆசிரியர். கடிதத்தில் அறிமுகமாகி, ஒரு சிறுபத்திரிகைச் சண்டையில் எதிரெதிராக நின்று, பிறகு நெருங்கியவர். ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்துக்குள், படலையைத் திறந்துகொண்டு, வளவுக்குள் நுழைந்தால் மா, பலா, முருங்கை, தென்னை, ஒரு கிணறு. அவருடைய தாயார் முதல் நாள் மதியம் சோற்றுக்குச் சொதி ஊற்றினார். நான் திகைத்துப் போனேன். எங்கள் பக்கத்தில் சொதி என்றால் நெல்லைச் சைவர் வீட்டுக் கல்யாணத்தில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற ராஜ குழம்பு. காய்களும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலுமாய்க் கெட்டியாக, பக்கத்தில் இஞ்சித் துவையலோடு வரும். இங்கே அது தினசரி, நீர்த்த, அடக்கமான வஸ்து. திருநெல்வேலிச் சொதி இலங்கையிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. "உங்கட கலியாணச் சாப்பாட்டை நாங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறம், பாருங்கோ" என்றார் அம்மா. ராத்திரி ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டும் மீனும் இறாலும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் வெந்து, பழப்புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்து, பெரிய பானையில் வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து பனையோலையைக் கோலிக் குடித்தோம். ஒருவரும் பேசவில்லை. உறைப்பில் எல்லோருக்கும் கண்ணீர். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த முதல் கண்ணீர் அது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பாஷையில் இருந்தது. பழகிய சொல் வேறொரு வேலையில் அமர்ந்திருப்பதைப் பார்ப்பது கவிதைக்காரனுக்கு எவ்வளவு பெரிய விருந்து! அழகுக்கு வடிவு. சீக்கிரத்துக்குக் கெதி. நாம் கதை விடுகிறோம், அவர்கள் கதைக்கிறார்கள். நாம் டொரான்டோ என்று எழுதுவதை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தின் டகரம் அவர்களிடம் ரகரமாக உருகிவிடுகிறது. நான் இரண்டு நாள் இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் நண்பரின் மகள் என் பேச்சைக் கேட்டு ஒளிந்து நின்று சிரிப்பதைக் கண்டேன்.

கஸ்தூரியார் வீதியில் ஒரு சலூனைத் தேடிப்போனேன். இல்லை என்று தெரிந்தே போனேன். ஜோசப் சலூன் என்ற அந்த முடிதிருத்தகத்தில் தொழில் செய்துகொண்டே டொமினிக் ஜீவா 1966-ல் மல்லிகையைத் தொடங்கினார். 2012 வரை நடத்தினார்; 2021-ல் காலமானார். இந்தப் பக்கங்களைப் படிக்கிற ஐம்பது நூறு பேரும், பத்திரிகை நடத்துவதன் கஷ்டம் பற்றி ஆளுக்கொரு புராணம் வைத்திருப்பவர்கள்தாம். முகம் மழித்துவிடப் போன இடத்தில் இலக்கியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கப்பட்டவர்கள் நம்மில் எவரும் இல்லை. மல்லிகையின் ரசனை எனக்கு எப்போதும் உவப்பாக இருந்ததில்லை. முற்போக்கு என்ற சொல் அதில் கொஞ்சம் அதிகமாகவே உழைத்தது. எனக்குப் பிடித்தது 1975-ல் தொடங்கிய அலைதான். அ. யேசுராசாவும் எம். ஏ. நுஃமானும் தொகுத்த பதினொரு ஈழத்துக் கவிஞர்கள் 1984-ல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. நம்மில் பலருக்கு ஈழக் கவிதை அந்த வழியாகத்தான் வந்தது. ஆனாலும் சலூனில் பத்திரிகை நடத்தியதற்கு இணையாக நம் நவீனத்துவ சரித்திரத்தில் நான் எதையும் வைக்கமாட்டேன். கோவிலுக்குள் விடமாட்டோம் என்று சொல்லப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் அந்த ஊரின் இலக்கியத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். மாவிட்டபுரம் கந்தசாமி கோவிலின் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968-ல் நடந்தது. கே. டானியலின் பஞ்சமர் 1972-ல் வந்தது. டானியல் 1986-ல் தஞ்சாவூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் ஆனார். தஞ்சாவூர் நண்பர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லறையைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் வம்பாகிவிடும்.

சைக்கிள்களைப் பற்றி எழுதாமல் முடியாது. வயதானவர்கள், பள்ளிக்கூடத்துப் பெண்கள், கன்னியாஸ்திரிகள், எல்லோரும் சைக்கிளில், அவசரம் இல்லாமல். 1990-க்குப் பிந்தைய ஐந்து வருஷங்களில் ஊருக்குள் பெட்ரோல் வராது, பேட்டரி வராது, மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் உண்டான மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். நாளிதழ்கள் கொப்பித் தாளில், கோடு போட்ட தாளிலேயே, அச்சாகி வந்தன. நண்பர் அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். "முக்கியமான செய்தி வரேக்க பெடல் சுத்துறவன் களைச்சுப் போவான். பாதிச் செய்திதான் வரும். மிச்சத்தை நாங்களே யோசிச்சுக்கொள்ளுவம்." இதை வீரகாவியமாக அவர் சொல்லவில்லை. நாம்தான் அப்படி எழுதிக்கொள்வோம்.

நூலகத்துக்கு நான் கடைசி நாள்தான் போனேன். வேண்டுமென்றே தள்ளிவைத்திருந்தேன். 1933-ல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களை ஊராருக்குக் கொடுக்க ஆரம்பித்ததில் பிறந்தது அது. கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். யோசனை சொன்னவர் நம்முடைய எஸ். ஆர். ரங்கநாதன். திறப்பு 1959-ல். 1981 மே 31 இரவு, பொலீஸ்காரர்களும் அவர்களோடு வந்தவர்களும் கொளுத்தியதில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. தீயைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர் விட்டார். இவ்வளவும் நமக்கு மனப்பாடம். பிற்பாடு நடந்தது மனப்பாடம் இல்லை. 1984-ல் ஒரு பகுதி மறுபடி திறக்கப்பட்டதும், அதுவும் சண்டையில் சிதைந்ததும், கருகிய கட்டடத்தை அப்படியே நினைவுச்சின்னமாக விடுவதா, புதுப்பிப்பதா என்று ஊர் வாதாடியதும், புதுப்பித்த கட்டடத்தின் திறப்பு விழா 2003-ல் அரசியல் சண்டையில் நின்றுபோனதும் நம் கவிதைகளில் இல்லை. தீயைப் போல வாதங்கள் படிமத்துக்கு உதவுவதில்லை.

இப்போது கட்டடம் பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது. முன்னால் சரஸ்வதி சிலை. கரி படிந்த ஒரு செங்கல்லையாவது பார்க்கமுடியும் என்ற என் ரகசிய ஆசை ஏமாந்தது. இந்த ஆசையைப் பற்றி எனக்கு வெட்கமாக இருக்கிறது. உள்ளே வாசகசாலையில் பையன்களும் பெண்களும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் புத்தகத்தின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் சத்தம் வராமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அன்றைய பத்திரிகையை விளம்பரங்கள் உட்பட ஒரு மணி நேரம் படித்தேன். திருமண விளம்பரம், காணி விற்பனை, மரண அறிவித்தல். மரண அறிவித்தல்களில் பிறந்த ஊர் கோண்டாவில் என்றும் வாழ்ந்த ஊர் கனடா, லண்டன், ஜெர்மனி என்றும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் நான் அனுபவித்த மிகப் பெரிய சுகம் எது என்று கேட்டால் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். எரிக்கப்பட்ட நூலகத்தில் ஒருவன் சாவகாசமாக வரி விளம்பரம் படிக்க முடிகிறது என்பதைவிட எரித்தவனுக்கு வேறு பதில் இல்லை என்று அப்போது தோன்றியது. சற்று மிகையாகவும் இருக்கலாம்.

அந்த ஊரை நேசிப்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 1990 அக்டோபர் 30-ஆம் தேதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்துப் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகத் தெரு ஒரு பகலில் காலியானது. சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995 அக்டோபர் 30-ஆம் தேதி, ராணுவம் நெருங்க, வெளியேற்றியவர்களின் உத்தரவின்பேரிலேயே மிச்சமிருந்த ஊர் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. இரண்டாவது தேதிக்கு நம்மிடம் கவிதைகள் உண்டு. முதலாவதற்கு நம்மிடம் மௌனம்தான். அங்கே உள்ள எழுத்தாளர்கள் சிலர் நம்மைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள். இதற்கும் முன்னால் 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதிகளும் சுடப்பட்டுச் செத்தார்கள். சுட்டது இந்திய ராணுவம். முதல் நாள் தீபாவளி. "இந்தியாவோ?" என்று அங்கே ஒருவர் அன்பாகக் கேட்கும்போது இதையும் சேர்த்துத்தான் நான் "ஓம்" என்று சொல்லவேண்டியிருக்கிறது.

ஊர் கஷ்டத்தில்தான் இருக்கிறது. 1981-ல் மாவட்டத்தில் 7 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். 2012 கணக்கில் 6 லட்சத்துக்கும் குறைவு. ஒழுங்கைகளில் நல்ல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வெளிநாட்டுப் பணத்தில் வர்ணம் மட்டும் புதிதாக இருக்கிறது. 1990-ல் நின்ற யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் திரும்பி வந்தது. அதில் ஏறிப் போகிற இளைஞர்களில் பலர் திரும்பி வருவதில்லை என்றார் நண்பர். 2022-ல் இலங்கை முழுவதும் பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது, யாழ்ப்பாணத்தில் பரண்மேல் இருந்த பழைய சைக்கிள்களை இறக்கித் துடைத்தார்களாம். "எங்களுக்கு முன் அனுபவம் இருந்தது" என்றார்.

இரண்டாவது முறை போனது 2025-ல், கப்பலில். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல், பெயர் சிவகங்கை. நாலு மணி நேரம், சுற்றிலும் நீலம். குருநகர் கரையில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றேன்.

"தம்பி இந்தியாவோ?"

"ஓம் ஐயா. சிவகிரி. தென்காசிப் பக்கம்."

"கடல் கிட்டவோ?"

"இல்லை. மலையடிவாரம்."

"அப்ப நீங்கள் இல்லை" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அடிமடி இழுக்கும் நம்முடைய விசைப்படகுகளை அவர்கள் ரோலர் என்கிறார்கள். "கிழமையில மூண்டு நாள் உங்கட ரோலர் வரும். அண்டைக்கு நாங்கள் வலை விடுறேல்லை. விட்டால் அறுத்துக்கொண்டு போகும்." இழுவை மடியை 2017-ல் இலங்கை சட்டம் போட்டுத் தடுத்தது. நம் படகுகளும் மடியோடு வருவது நிற்கவில்லை. நம் மீனவர்கள் பிடிபட்டால் நம் பத்திரிகைகளில் முதல் பக்கம். அவர்கள் சுடப்பட்ட வருஷங்களும் உண்டு, அது மறக்கக்கூடியதல்ல. ஆனால் இந்தப் பெரியவரின் வலை எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. யாழ்ப்பாணத்துக்காக நாம் எழுதிய கவிதைகளின் கனத்தையும், இந்த வலையில் இருந்த கிழிசலின் நீளத்தையும் எந்தத் தராசில் வைத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். காசு கொடுக்க விடவில்லை.

திரும்பும் அன்று நண்பரின் தாயார் ஒடியல் மாவும் பனங்கட்டியும் மிளகாய்த் தூளும் பொதி கட்டித் தந்தார். மிளகாய்த் தூள் அவரே வறுத்துத் திரித்தது; எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மேல் தாங்கமாட்டார்கள். பதிலுக்கு என்ன கொண்டுவர என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றவர், படலை வரை வந்து, "தம்பி, நீங்கள் போன முறை கொண்டந்த தேசிக்காய் ஊறுகாய் நல்லாயிருந்தது. அது எந்த ஊர்த் தேசிக்காய்?" என்றார். புளியங்குடி, எங்கள் ஊருக்குப் பக்கம் என்றேன். அம்மாவிடம் சொல்லி ஒரு ஜாடி அதிகமாகப் போட வைத்திருக்கிறேன். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குள் ஊறிவிடும்.